தீவில் ஆஜர் சொன்ன நாள்

நவம்பர் 2, காலை 9.40. செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைபேசியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக மூன்றரை மணி நேரம். வழி முழுக்க இதே வேலைதான். என் கணவர் சவரிமுத்து ராணுவத்தில் நாயக். வடக்கே எல்லையில் இருக்கிறார். எந்த இடம் என்று சொல்ல மாட்டார். பேசி ஐந்து நாள் ஆகிறது. டிவியில் மூன்று நாளாக எல்லையையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பேசியபோது சொன்னது இது: "லீவு கேன்சல். கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷம் நீ ஊருக்குப் போயிடு. பர்மாக்காரருக்கு ஆஜர் சொல்ல நம்ம வூட்ல வேற ஆள் இல்ல."

பர்மாக்காரர் என்பது அவருடைய கொள்ளுத்தாத்தா. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவர். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆஜர் சொல்வது என்றால் என்ன என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. எட்டு மாதக் குழந்தையை மழைக்காலத்தில் தூக்கிக்கொண்டு போவது சரியா என்று நான்கு நாள் யோசித்தேன். யோசித்தபடியே காய்ச்சல் மருந்து, வெந்நீர் பிளாஸ்க், ஆறு செட் துணி எல்லாம் எடுத்து வைத்தேன்.

"கோட்டைக்கா மேடம்? ராஜகிரி, கிருஷ்ணகிரி ரெண்டும் சுத்திக் காட்டி கூட்டியாந்து வுட்டா ஐந்நூறு" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லங்க, தீவுக்கு."

திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். "கைக்கொழந்தைய வெச்சிக்கினா? ஏரி ரொம்பிக் கிடக்குதே. யாரு வூடு?"

கணவர் பெயரைச் சொன்னேன்.

"மிலிட்டரி வூடா? ஏறும்மா. இருநூத்தம்பது. கரை வரைக்கும்தான் நானு. அதுக்கு மேல கப்பல்தான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு ரேஷன் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அனந்தபுரம் சாலையில் யாரைக் கேட்டாலும் தீவு என்றுதான் சொல்வார்கள். ஏரிக்கு நடுவில் ஒரு மேடு. அதில் அறுபது வீடுகள், ஒரு மாதா கோயில். கோடையில் நடந்தே போகலாம். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தால் நான்கு பக்கமும் தண்ணீர்.

10.35. கரையில் ஒரு டிராக்டர் நின்றது. அதுதான் கப்பல். டிப்பரில் பத்துப் பன்னிரண்டு பேர் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்திக் கட்டுமாக நின்றிருந்தார்கள். கணவரின் அக்கா ஸ்டெல்லா மேலிருந்து கை நீட்டினார். அதே ஊரில் கட்டிக்கொடுத்தவர்.

"வந்துட்டியா! தண்ணியப் பாத்ததும் தாம்பரத்து மகாராணி ரிட்டர்ன் ஆயிடுவான்னு பந்தயம் கட்டியிருந்தேன்."

"தோத்துட்டீங்களா அண்ணி?"

"இன்னும் எறங்கலியே. பாதியில குதிச்சாலும் குதிப்ப."

அரை கிலோமீட்டர் தூரம்தான். பெரிய சக்கரம் பாதிக்கு மேல் மூழ்கியது. ஓர் இடத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது குழந்தையை இறுக்கியதில் அது வீரிட்டு அழுதது. "நாலு மணிக்குள்ள திரும்பிடணும். மேல இருந்து தண்ணி வருது" என்றார் ஓட்டுநர், திரும்பிப் பார்க்காமல். குழந்தைக்குச் சளி பிடித்தால் கணவரிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். சொல்வதற்கு அவர் பேச வேண்டுமே என்ற நினைப்பு உடனே வந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

11.20. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குழிமேட்டின் புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, மாலை வைத்துக்கொண்டிருந்தார்கள். சில குடும்பங்கள் மட்டும் கோயில் சுவரில் பதித்த ஒரு கருங்கல்லுக்கு முன்னால் வெறுமனே நின்றன. ஸ்டெல்லா அண்ணி குரலைத் தாழ்த்தி விளக்கினார். சண்டைக்குப் போனவர்களில் உடம்பு வந்து சேராதவர்கள் பன்னிரண்டு பேர். செதுக்க ஒரு குழி இல்லாமல் அந்த வீட்டார் நின்றதைப் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பிய ஒரு ஹவில்தார், பட்டாளத்தில் எடுப்பதைப் போல ஆஜர் எடுத்தாராம். பெயர் கூப்பிட்டால் வீட்டில் ஒருவர் ஆஜர் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் அந்தப் பெயர் இறங்கிவிடும். அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

"ரெண்டு பேரு இறங்கிட்டாங்க. அந்த வூட்டுக்காரங்க பெங்களூரு போய் செட்டில் ஆயிட்டாங்க."

"எனக்குப் பதிலா நீங்க சொல்லக் கூடாதா?"

"ஒரு வாய்க்கு ஒரு பேருதான். நான் என் மாமனார் வூட்டுப் பேருக்குச் சொல்லணும். நம்ம வூட்டுக்கு நீதான்."

கல்லருகே போய்ப் படித்தேன். ஏழாவது வரியில் ம. சவரிமுத்து என்று இருந்தது. இனிஷியலும் அதேதான். பர்மாக்காரர், பர்மாக்காரர் என்றே கேட்டுப் பழகியதால் அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் யோசித்ததில்லை. அந்தப் பெயரைத்தான் இவருக்கு வைத்திருக்கிறார்கள்.

கையில் நோட்டுடன் நின்ற உபதேசியாரிடம் போனேன். சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துபவர் அவர்தான். "ஐயா, பர்மா சவரிமுத்துன்னு சேத்துக் கூப்பிட முடியுமா? எங்க வூட்டுக்காரர் பேரும் அதுதான். அஞ்சு நாளா போன் இல்ல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "கல்லுல இன்னா இருக்குதோ அதான்மா கூப்டுவேன். அது அவரு பேரு. உன் வூட்டுக்காரருதான் இரவல் வாங்கினவரு."

12.05. எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதல் ஆறு பெயர்களுக்கும் பதில் சட்டென்று வந்தது. ஸ்டெல்லா அண்ணியின் "ஆஜர்" கோயில் சுவரில் மோதித் திரும்பியது.

"சவரிமுத்து!"

என் வாய் திறக்கவில்லை. இறந்தவர்களின் வரிசையில் என் கணவர் பெயருக்கு நானே ஆஜர் சொல்வதா? சொன்னால் அது பலித்துவிடுமோ? இதற்குத்தானா குழந்தையைத் தண்ணீரில் கொண்டுவந்தேன்?

"சவரிமுத்து!"

ஸ்டெல்லா அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். "இன்னாடி?" எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொல்லாவிட்டால், எண்பது வருடமாக இந்த ஊர் கூப்பிட்டு வந்த ஒருவர் என்னால் இறங்கிப்போவார். பர்மாவில் எந்தச் சேற்றில் கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாத மனிதர். அவருக்கு இருப்பது இந்த ஒரு நாள், இந்த ஒரு சத்தம். அவருக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள். தினமும் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

உபதேசியார் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். மூன்றாவது முறை சற்று மெதுவாகத்தான் கூப்பிட்டார். "சவரிமுத்து..."

"ஆஜர்."

"கேக்கல."

"ஆஜர்!" கத்திவிட்டேன். இடுப்பிலிருந்த குழந்தை திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தது. உபதேசியார் நோட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு எட்டாவது பெயருக்குப் போனார்.

3.30. திரும்பும்போது டிராக்டர் சக்கரத்தில் தண்ணீர் காலையைவிட ஒரு சாண் ஏறியிருந்தது. நான் அதைப் பார்க்காமல், சின்னதாகிக்கொண்டே போன மேட்டைப் பார்த்தேன். தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரியாது. இங்கே பத்துப் பேரை எண்பது வருடமாக வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். மனம் என்னவோ சமாதானம் ஆகவில்லை. தவறு செய்துவிட்டேனோ என்றே அடித்துக்கொண்டது.

5.10. செஞ்சி. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கிருஷ்ணகிரி மலை ஜன்னலை விட்டு நகரும்போது கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"நான்தான். வேற ஒருத்தர் போன். ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. சொன்னியா?"

குழந்தையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "சொன்னேன்" என்றேன். "உங்க பேருன்னு ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?" என்றார். "எத்தினியாவது தடவைக்குச் சொன்ன?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "மூணாவது" என்றேன்.

அவர் சிரித்தார். "நானும் மூணாவதுக்குத்தான் சொல்வேன். வருஷா வருஷம்."