எதிரே இருப்பவன் சோடி

போக்கர் விளையாட்டின் சொற்களை எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதை நினைக்கும்போதெல்லாம் என் கையில் நானே இரண்டு போட வேண்டும்போல் வரும்.

சண்டைக் காலம். வாவியில் இறங்க இராணுவத்தின் அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் முப்பது தோணி. பாலத்தடி முகாமிலிருந்தவர்கள் ஒரு நாளைக்கு ஆறு தோணியைத்தான் விட்டார்கள், அதுவும் விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரைக்கும். ஆறு தகரத் துண்டுகளில் இலக்கம் அடித்து மீனவர் சங்கத்தில் கொடுத்திருந்தார்கள். தகரம் இல்லாமல் தோணி ஓடினால் சூடு விழும். ஆக, ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். சங்கத்துச் செயலாளர் பின்னேரம் மூன்று மணிக்கு, அடுத்த நாள் முறைக்காரரைக் கூப்பிட்டுத் தகரத்தைக் கையில் கொடுப்பார்.

முறை இல்லாத நாளில் ஆம்பிளைகளுக்கு என்ன வேலை? சங்கத்துக் கொட்டிலில் கடதாசி, அதாவது சீட்டு, விளையாடினார்கள். முன்னூற்றி நாலு. அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான்கு பேர் இருந்து ஆடுவது அது. எதிரே இருப்பவன் சோடி, பக்கத்தில் இருப்பவர்கள் எதிராளிகள். சோடி ஒரு கையைப் பிடிக்கிறான் என்றால் நம்மிடம் இருக்கிற பெரிய கடதாசியை அதிலே போட்டு அவனுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தோற்றால் காதில் கடதாசியைச் செருகிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் நட்டம்.

என் கணவரும் என் அண்ணனும் கலியாணத்துக்கு முன்பிருந்தே சோடி. மச்சானும் மச்சானும் எதிரெதிரே இருந்துவிட்டால் ஊரில் வேறு யாருக்கும் வெல்ல வாய்ப்பில்லை. கண் அசைவிலேயே ஒருவர் கை மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அண்ணன் வெளிநாடு போனார். ஐந்து வருடம் கழித்து வந்தபோது வாசனைச் சவர்க்காரம், பால்மா டின்கள், தண்ணீரில் நனையாத ஒரு கட்டுக் கடதாசி, இவற்றோடு வந்தார். அங்கே கம்பெனி முகாமில் பிலிப்பைன்காரரிடம் போக்கர் பழகியிருந்தார். வந்த கிழமையே அதை ஊருக்குப் பழக்கத் தொடங்கினார். இங்கிலீசுச் சொற்கள் ஆம்பிளைகளின் வாயில் நுழையவில்லை. "தங்கச்சி, நீ படிச்சனி. நான் சொல்லச் சொல்ல எழுது. கொட்டில்ல ஒட்டுவம்" என்றார். சாதாரண தரப் பரீட்சை வரை படித்த பெருமையில் நானும் கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு குந்தினேன்.

ஆட்டம் தொடங்க முதல் எல்லாரும் போடுவது ஆன்டி. நடுவில் சேர்ந்து கிடப்பது பொட். முன்னால் இருக்கிறவன் வைத்த அளவுக்கு நாமும் வைப்பது கோல். அதற்கு மேல் கூட்டி வைப்பது ரெய்ஸ். வைக்காமல் சும்மா தட்டிவிட்டுப் போவது செக். ஒரே மாதிரி இரண்டு கடதாசி வந்தால் பெயார், அதாவது சோடி. ஐந்தும் ஒரே இனமென்றால் ஃபிளஷ், வரிசையாக வந்தால் ஸ்ட்ரெய்ட். மூன்று ஒரு மாதிரியும் இரண்டு இன்னொரு மாதிரியும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், அது ஃபிளஷை விடப் பெரிது. கையிலிருக்கிற எல்லாவற்றையும் ஒரேயடியாக வைப்பது ஓல் இன். கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்குவது ஃபோல்ட். ஒதுங்கினவன் அதுவரை வைத்தது போனதுதான்.

"பிளஃப்" என்ற சொல்லுக்குக் கருத்துக் கேட்டேன். "கையில ஒண்டும் இல்லாம, இருக்கிற மாதிரிக் கூட்டி வைச்சு மற்றவனப் பயப்படுத்திறது" என்றார்.

"அது களவெல்லோ?"

"இல்லகா. அதுதான் கெட்டித்தனம். அப்பிடியே எழுது."

எழுதினேன். அழகான கையெழுத்தில், கீழே கோடும் போட்டு எழுதினேன். என்னை என்ன சொல்ல!

ஏமாறுகிற ஆளுக்கும் அதில் ஒரு பெயர் இருக்கிறது, மீன் என்று. அதை மட்டும் அண்ணன் எழுதச் சொல்லவில்லை. எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதல் இரண்டு மாதம் மட்டி ஓடுகளை வைத்து ஆடினார்கள். பிறகு அண்ணன் பால்மா டின்னை மேசையில் வைத்தார். ஊரில் பால்மாவைக் கண்ணால் காணாத காலம். அதற்கு எதிராக வைக்க மற்றவர்களிடம் என்ன இருந்தது? தகரம்தான் இருந்தது. டின்னுக்கு இருபது மட்டி ஓடு, தகரத்துக்கும் இருபது ஓடு. ஓடு முடிந்தவன் வைத்த பொருளை இழந்தான். அண்ணனிடம் தோணி கிடையாது. ஆனாலும் தகரத்தை வென்றால், அந்தத் தோணிக்காரனே போய் வலை போட்டு, பிடிபாட்டில் பாதியைத் தனக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்துக்கொண்டார். காலில் சேறு படாமல் பாதி மீன்! அதற்கும் ஆம்பிளைகள் தலையாட்டினார்கள். செயலாளர் உட்பட.

எங்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. என் கணவர் அந்த டின்னுக்காகத்தான் போய் இருந்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்று முறை தொடர்ந்து தோற்றார். மூன்று முறையும் பாதி மீன் அண்ணன் வீட்டுக்குப் போனது. அந்தத் தோணி என் சீதனம். அப்பா எனக்கென்று எழுதித் தந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை.

எப்படித் தோற்கிறார் என்று பார்க்க ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணன் என் கணவருக்கு நேர் எதிரே இருந்தார். அவர் கூட்டி வைக்கும்போதெல்லாம் இவரும் பின்னாலேயே வைத்தார். கையில் சோடிக் கடதாசிகூட இல்லாமல் வைத்தார். பக்கத்திலிருப்பவர்களைத்தான் முறைத்துப் பார்த்தாரே தவிர, எதிரே பார்க்கவில்லை. பத்து வருடப் பழக்கம். எதிரே இருக்கிற மச்சான் கூட்டினால் தானும் கூடக் கொடுக்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது. அது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வேறு யாரும் செய்திருந்தால் நான் விட்டிருப்பேன்.

அன்று வீட்டில் சொன்னேன். "இதில சோடி எண்டு ஒருத்தரும் இல்ல. எல்லாரும் எதிராளிதான். அண்ணன் கூட்டினா நீங்க கடதாசியக் கவிட்டு வைங்க. விளங்குதா?"

"மச்சான் எனக்கு அப்பிடிச் செய்வானாகா?" என்றார்.

"செய்திட்டார். மூண்டுதரம் செய்திட்டார்."

ஒரு கிழமையாக இதையே படித்துப் படித்துச் சொன்னேன். அந்தக் கிழமை மழை பெய்து வாவி நிரம்பி, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். வெட்டி மூன்றாம் நாள் இறால் அள்ளலாம். அந்த நாள் முறை எங்கள் தோணிக்கு விழுந்தது. வருடத்தில் ஒருநாள்தான் அப்படிக் கிடைக்கும். போக வேண்டாம் என்று கதவில் நின்று மறித்தேன். அண்ணன் இரண்டு டின் வைக்கிறாராம் என்று போனார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். இவரும் அண்ணனும் மட்டும். இவருடைய தோளுக்கு மேலால் கடதாசியைப் பார்த்தேன். மூன்று ஒன்பது, இரண்டு ராசா. ஃபுல் ஹவுஸ். என் கையால் எழுதிய சொல், எதிரே சுவரில் ஒட்டிக் கிடந்தது. பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது எல்லாக் கடதாசி ஆட்டத்துக்கும் பொது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் தன்னிடம் இருந்த ஓடு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஓல் இன்.

இவர் ஓட்டில் கையை வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. ஒரு கிழமையாக நான் ஓதினது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சொல்வழி கேட்கிற பிள்ளைபோல ஐந்து கடதாசியையும் கவிழ்த்து வைத்தார்.

அண்ணன் சிரித்துக்கொண்டு தன் கையை விரித்தார். ஏழில் ஒரு சோடி. மிச்சம் குப்பை. இவரிடம் ஓடு நாலோ ஐந்தோதான் மிஞ்சியது. அடுத்த ஆட்டத்தோடு அதுவும் போய், தகரமும் போனது.

அடுத்த நாள் இவர் விடியப் போனார். பதினொரு மணிக்குத் தோணி நிறைய இறாலோடு வந்தார். கரையில் அண்ணன் அலுமினியப் பேசின் ஒன்றோடு நின்றார். நான் இடுப்பில் குழந்தையோடு இறால் கூடையின் மேல் ஏறிக் குந்திவிட்டேன்.

"தோணி என்ட. வலை என்ட. ஆரக் கேட்டு இவர் வைச்சவர்? ஒண்டும் தரமாட்டன்."

"ஆட்டம் ஆட்டம்தானே தங்கச்சி. நீதானே எழுதித் தந்தாய்."

அதற்குமேல் எனக்கு நிதானம் இல்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கூடப் பிறந்தவனா நீ என்றேன். மருமகளின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கித் தின்கிறாய் என்றேன். ஊரே கூடிவிட்டது. இவர் என்னை இழுக்கப் பார்த்தார், அவருக்கும் கிடைத்தது. கட்டின பெண்சாதியின் சீதனத்தைச் சூதில் வைத்த ஆம்பிளை என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். எனக்கு யாரிடமும் பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்துக்குக் காவலரணிலிருந்து ஒரு இராணுவக்காரன் இறங்கி வந்தான். வயது இருபது இருக்காது. தோளில் துவக்கு, கையில் ஷொப்பிங் பை.

"மொகத? என்ன சண்டை?"

"ஒண்டுமில்ல சேர்" என்றோம். அண்ணன், இவர், நான், மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம். நான் கூடையை விட்டு எழும்பி நின்றேன்.

அவன் குனிந்து பையில் அள்ளினான். ஒவ்வொரு நாளும் அள்ளுவதுதான். அதில் பாதி யாருடையது என்று அண்ணன் கேட்கவில்லை, தோணி யாருடைய சீதனம் என்று நான் சொல்லவில்லை. பை இன்னும் நிறையவில்லை. அவன் சின்னதுகளை ஒதுக்கிக் கிளறிக்கொண்டிருந்தான். பெரியவை அடியில் கிடந்தன. நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கையை விட்டு, அடியிலிருந்த பெரிய இறால்களாகப் பார்த்துப் பொறுக்கி அவன் பையில் போட்டேன். சிரித்துக்கொண்டு போட்டேன்.