யோபுவின் மனைவிக்கு ஒரு முகம்

அந்தத் தெருவில் யாரும் ஓவியரோடு நேருக்கு நேர் மோதமாட்டார்கள். அவர் கைக்குப் பயந்து அல்ல, கையிலிருந்த பிரஷ்ஷுக்குப் பயந்து. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் ஒருமுறை மாடிக்குத் தண்ணீர் ஏறவிடாமல் குழாயை அடைத்துவிட்டார். ஓவியர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து அவர் தேவாலயத்துக்கு வரைந்து கொடுத்த படத்தில், இயேசுவைக் கைவிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் பிலாத்துவுக்கு வீட்டுக்காரரின் இரட்டை மோவாய் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீரை அடைத்தவர் ஆயுசுக்கும் சுவரில் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். அன்று முதல் தெருவுக்கே அவர் பிலாத்து. பேரன் பேத்திகள்கூட வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஓவியரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "படம் போடறதெல்லாம் ஒரு பொழப்பா மாப்ள?" என்று கேட்டுவிட்டார். அடுத்த படத்தில், சிலுவைக்கடியில் இயேசுவின் அங்கிக்காகக் காய் உருட்டும் போர்வீரன் ஆனார். அதோடு தங்கை வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தங்கையைத் தெருவில் நர்சக்கா என்பார்கள். அவள் நர்ஸ் இல்லை. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் புரட்டி, துடைத்து, ஊட்டியே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். ஆள்களைத் தூக்கித் தூக்கி ஒரு காலில் பாரம் போட்டு, இடுப்பில் கை ஊன்றி, தோளில் துண்டோடு நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. புருஷன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ ஆஸ்பத்திரி" என்பார். அவளும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவைப்பட்டால் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

நோயாளிகளுக்காக ஜெபம் செய்யும் கூடத்துக்கு யோபுவின் படம் வேண்டும் என்று பாதிரியார் வந்து கேட்டார். யோபு நல்ல மனிதர். சொத்து போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தவர். துக்கம் விசாரிக்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். அவருக்கு ஒரு மனைவியும் உண்டு. வேதத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப் பேச்சு: இன்னும் என்ன நல்லவனாக இருப்பது, கடவுளைத் திட்டிவிட்டுச் செத்துத் தொலை என்கிற மாதிரி. அதோடு சரி. அந்த ஒரு பேச்சுக்காக இன்றுவரை அவளுக்கு ஏச்சு.

கரிக்கோட்டில் ஓவியர் படத்தைப் போட்டு முடித்த அன்று நர்சக்கா அறையைப் பெருக்கப் போனாள். வலப்பக்கம் நண்பர்கள். நடுவில் யோபு. யோபுவின் முகச்சாயலைப் பார்த்ததும் துடைப்பம் நின்றுவிட்டது.

"நீங்களா யோபு?"

"ஏன், நான் படாத பாடா?"

"நீங்க படுத்தின பாடுதான் எனக்குத் தெரியும்."

பிறகுதான் இடது ஓரத்தைப் பார்த்தாள். ஒரு பெண். ஒரு காலில் பாரம். இடுப்பில் கை. தோளில் துண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம். பழி தீர்க்கிற முகத்தை ஓவியர் கடைசியில்தான் தொடுவார்.

"இது யாரு?"

"வரும்போது தெரியும்."

தெரிந்துவிட்டது. யோபு பொண்டாட்டி. பிலாத்துவுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி அவளுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். கடைக்குப் போனால், பஸ்ஸில் ஏறினால், கடைசியில் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போதும் "யோபு பொண்டாட்டி போயிட்டாளாம்" என்பார்கள். ஊரார் புண்ணைத் துடைத்தே காலம் தள்ளியவளுக்கு, புருஷன் புண்ணைப் பார்த்துச் சபித்தவள் என்று பெயர்.

அந்த முகத்தைத் தொடுவதற்குள் ஓவியர் விழுந்தார். ஒரு காலையில் குளியலறையில் சத்தம் கேட்டது. மூளையில் அடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கதி, அவருக்கு உலகத்தில் இடப்பக்கம் என்றே ஒன்று இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று முறைப்பார். முகத்தில் ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு எழுந்துவிடுவார். இடப்பக்கம் நின்று பேசுகிறவரைச் சுவரைப் போல விட்டுவிடுவார். வார்டில் இதை நர்சக்கா நிறையப் பார்த்திருந்தாள். தட்டைப் பாதி சுற்றி வைப்பாள். மீதியைச் சாப்பிடுவார். சவரத்துக்கு மோவாயைப் பிடித்துத் திருப்புவாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்பார்.

"ஆமா, தட்டுக்குத்தான் கொற" என்பாள்.

உட்கார முடிந்ததும் அவர் கேட்டது படத்தைத்தான். நாற்காலியில் சாயாமல் இருக்க இடுப்பைத் துணியால் கட்டி, பெயிண்ட் பிதுக்கிக் கொடுத்து, அவள் தள்ளி நின்றுகொண்டாள். வலது கை பழைய கைதான். நண்பர்கள் மூவரும் உயிரோடு எழுந்து வந்தார்கள், ஆறுதல் சொல்ல வந்தவர்களின் அந்தச் சலிப்பு முகத்தோடு. பிறகு யோபு. வலப்பக்கத்துத் தோள், புண், சாம்பல், கையில் ஓட்டுச் சில். முகத்தில் ஒரு கண், பாதி மூக்கு, பாதித் தாடி. அதற்கு அந்தப் பக்கம் வெறும் கரிக்கோடு. பெண்ணை அவர் தொடவே இல்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சிருச்சு."

"எடப்பக்கம் பாருங்க."

"பாத்தாச்சு. ஒனக்கு வயித்தெரிச்சல்."

ஒருதடவை சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை. வேளாவேளைக்குத் தட்டைத் திருப்பி வைத்தவள் படத்தைத் திருப்பவில்லை. தட்டு அவள் வேலை, படம் அவர் வேலை. பாதி முக யோபுவோடு போய் அவர் அவமானப்பட்டால் படட்டும். யோபுவின் மனைவி முகமில்லாமல் இருக்கிறவரை தன் முகம் தப்பியது. வார்டில் ஒரு நோயாளியை அப்படிப் பாதியில் விட்டிருந்தால் அவளே தன்னை மன்னித்திருக்கமாட்டாள். ஆனால் இது வார்டு இல்லை, வீடு.

படத்தைப் பார்க்கப் பாதிரியார் வந்தார். கூடவே பாட்டுக்குழு அம்மாவும், சபையில் பொறுப்பில் இருந்த பிலாத்துவும். கூட்டமாக நின்று பார்த்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"ரொம்ப உருக்கமா இருக்கு" என்றார் பாதிரியார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"பாவம், இந்த நெலமையிலயும்" என்று பாட்டுக்குழு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிலாத்து மட்டும் இடப்பக்கமாகப் போய் நின்று ஆற அமரப் பார்த்தார். எவ்வளவு காலமாகக் காத்திருந்தாரோ. "மூஞ்சி இல்லாட்டி என்ன ஃபாதர்? இடுப்புல கை, தோள்ல துண்டு. நிக்கறதே சொல்லுதே, நம்ம நர்சக்காதான். யோபு பொண்டாட்டி."

பாட்டுக்குழு அம்மா மூக்கைத் துடைத்த கைக்குட்டையாலேயே சிரிப்பை மறைத்தாள். நர்சக்காவுக்குக் காது சுட்டது. இத்தனை நாள் வாயைக் கட்டியது வீண். முகம் வராமலே பெயர் வந்துவிட்டது.

"எந்தப் பொண்டாட்டி? அவளத்தான் நான் இன்னும்..." என்று ஓவியர் ஆரம்பித்து நிறுத்தினார். வந்தவர்கள் சீக்கிரமே படி இறங்கிப் போனார்கள்.

ஓவியர் கீழே வைத்த பிரஷ்ஷை மறுபடி எடுத்தார். அவர் படத்தைப் பார்த்துக் கோணல் என்றிருக்கிறார்கள், திமிர் என்றிருக்கிறார்கள். பாவம் என்று யாரும் சொன்னதில்லை.

"ஏ ஆஸ்பத்திரி. என்ன விட்டுப்போச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். சபைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்து முடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வெறும் வட்டத்தில் இனி பிலாத்து ஒரு முகம் போடுவார், பாட்டுக்குழு அம்மா ஒன்று போடுவாள், தெருவே ஆளுக்கொன்று போடும். அதற்கு இந்த எதிரி போடுவது தேவலை. இவருக்காவது அளவு தெரியும்.

படம் நின்ற சட்டத்தை இழுத்து அவருக்கு வலப்பக்கமாக நிறுத்தினாள். முடிந்திருந்த நண்பர்களைப் படுக்கைவிரிப்பால் மூடினாள். அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். அவர் பார்த்தார். பாதி யோபு. முகமில்லாத பெண்.

"இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"நீங்க முடிஞ்சிருச்சுன்னு சொன்னதுலேர்ந்து."

"தெரிஞ்சேதான் விட்டியா?"

"ஆமா."

"சண்டாளி."

"திட்டறத அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல உங்க மூஞ்சிய முடிங்க. பாதியில பேய் அடிச்ச மாதிரி இருக்கு."

யோபுவின் மறுபாதி மெல்ல வந்தது. பிரஷ் பாதி வழியில் நிற்கும்போதெல்லாம் அவள் மோவாயை நெட்டுவாள். அவர் முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போவார். பிறகு அவள் முறை வந்தது.

"வந்து எதிர்ல உக்காரு. வாயத் தெற. அவ புருஷனத் திட்டற நேரம் அது."

"நெஜமாவே திட்டவா?"

"ஒனக்குச் சொல்லித் தரணுமா?"

அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். தன் அம்மா கொடுத்த பீரோவின் கதவைக் கழற்றி அதில் நோவாவின் பேழையை வரைந்தது முதலில் வந்தது. "ஊர்ல உள்ள மிருகமெல்லாம் சோடி சோடியா ஏறிச்சு. என் துணிமணி மட்டும் வெளியில கெடந்துச்சு." அண்ணனைப் போர்வீரன் ஆக்கியது வந்தது. "எங்கண்ணன் ஜென்மத்துல காய் உருட்டினவன் இல்ல. நீங்க உருட்டினீங்க, என் வாழ்க்கைய." மகள் கல்யாணத்தன்று படத்திலிருந்த ஞானிகளில் ஒருவருக்கு மூக்கைத் திருத்த வேண்டும் என்று பாதியில் எழுந்துபோனது வந்தது. "நான் வலி எடுத்துத் துடிச்சப்போ எங்க இருந்தீங்க? இயேசு பொறந்த மாட்டுத் தொழுவத்துல வைக்கோல் சரியா வரலன்னு உக்காந்திருந்தீங்க. அந்தக் கொழந்தைக்காவது பக்கத்துல அப்பன் சூசை நின்னாரு. என் கொழந்தைக்கு யாரு நின்னா?"

ஓவியரின் கழுத்து நரம்பு புடைத்தது. "போதும், நி..."

"நிறுத்திட்டா படம் கெட்டுடும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷைத் தோய்த்தார். "பேசு. ஒதடு வந்துக்கிட்டிருக்கு."

பேசினாள். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். மறுநாளும் அதே நாற்காலி, அதே வெளிச்சம், விட்ட இடத்திலிருந்து. இடையில் அவர் வாய் திறக்க முடியாது, எழுந்து போக முடியாது. இப்படி ஒரு வசதி அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், சொல்ல ஒன்றும் தோன்றாமல் நிறுத்தினாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு."

அவர் இன்னும் கொஞ்சம் தடவிவிட்டுப் பிரஷ்ஷைப் போட்டார். "போய்ப் பாத்துக்க."

போய்ப் பார்த்தாள். மோவாயில் மரு இருந்தது. அதை விட்டிருக்கலாம். கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, நெற்றிக் கோடு, ஒன்றையும் மன்னிக்கவில்லை. ஆனால் உதடுகள் இறுக்கி மூடியிருந்தன.

"வாயத் தெறன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். கேட்டு முடிச்சேன். இந்த வாய மூட என்னால இத்தன வருஷமா முடியல. அங்கயாவது பொத்திக்கிட்டுக் கெட." பாதி முகத்தால் சிரித்தார். பெரிதாக ஜெயித்துவிட்ட சிரிப்பு.

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். அவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு, தோளில் துண்டோடு, புண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. அவள் யாரையும் சபிக்கவில்லை. எந்தப் புண்ணை முதலில் துடைப்பது என்று பார்க்கிறாள், அவ்வளவுதான். அவளை அடக்குகிற அவசரத்தில் கையிலிருந்த ஆயுதத்தைத் தானே ஒடித்துப் போட்டிருந்தார். சொன்னால் இப்போதே படத்தில் அவள் வாயைத் திறந்து வரைந்துவிடுவார். அவள் சொல்லவில்லை. பிரஷ்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பெயிண்ட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியை அலமாரியின் இடது ஓரத்தில் வைத்தாள்.

படம் கூடத்தில் மாட்டப்பட்ட அன்று பிலாத்து முன்வரிசையில் போய் நின்றார். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "திட்டற மாதிரியே இல்லையே" என்றார் ஏமாற்றத்தோடு. நோயாளி அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண், "யாருங்க இவங்க, நர்ஸா?" என்று கேட்டாள். யோபு பொண்டாட்டி என்ற பெயர் அந்தக் கூடத்தைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"உங்க யோபுக்கு எடப்பக்கத்துக் காது பெரிசுன்னாங்க."

"எவன் சொன்னான்?"

"நான்தான்."

அவர் முறைத்துக்கொண்டே வலது பாதியைத் தின்று முடித்தார். "சோறு பத்தல."

அவள் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டைத் திருப்பி வைத்தாள்.