மேடையில் ஒரு மனைவி, திருச்சியில் ஒரு மனைவி

கணவனும் மனைவியும் அரசு ஊழியர்களாக இருந்தால் இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும். இது என் ஆசை அல்ல, அரசின் கொள்கை. சுற்றறிக்கையாக வந்து, எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றுக்குப் போய், படித்ததற்கு அடையாளமாக எல்லாரும் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்கள். அந்த 'இயன்றவரை' என்ற சொல்லைச் சேர்த்தவர் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய் ஒரு மாலை போட்டிருப்பேன். எந்த வகை மாலை என்பதைப் பூக்கடையில் முடிவு செய்திருப்பேன்.

ஆவடியில் ஒரு அரசுத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் எனக்கு வேலை. யாருக்கு எந்த விதிப்படி விடுப்பு உண்டு, யாருக்கு எந்த விதிப்படி கிடையாது என்று எழுதிக்கொடுப்பேன். இரண்டாவதை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. மாலையிலும் விடுமுறை நாளிலும் நான் நகைச்சுவைக்காரன். அதற்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன். ஒரு மைக், ஒரு சோடா, நான், இவ்வளவுதான் குழு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை, பூந்தமல்லிப் பக்கம் ஆடித் திருவிழா, பாரிவாக்கத்தில் இளைஞர் மன்ற ஆண்டு விழா, மாதா கோயில், மசூதித் தெரு, ஆட்டோ நிறுத்தம் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அரக்கோணம், வேலூர் வரைகூடப் போனதுண்டு.

என் நிகழ்ச்சியில் பாதி நேரம் மனைவியைப் பற்றித்தான். மீதி நேரத்தை மாமியாரும் ரேஷன் கடையும் பங்கிட்டுக்கொண்டார்கள். மேடையில் நான் சொல்லும் மனைவி குண்டு, சத்தக்காரி, சாம்பாரில் உப்புப் போட மறப்பவள், மறந்ததைச் சொன்னால் தட்டைப் பிடுங்குபவள். வீட்டில் இருந்த என் மனைவி ஒல்லி. இன்னொரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். பேச்சையும் உப்பையும் அளந்து போடுவாள். என் நகைச்சுவைக்கு அவள் சிரித்ததே இல்லை. "முடிஞ்சுதா? கை கழுவிட்டு வாங்க" என்பாள்.

எண்பத்தேழில் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அரசு ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் எடுக்காமல் இருக்காது. அங்கே கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு ஓர் அறை எடுத்துத் தங்கினாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அம்பத்தூருக்கு வந்து, அழுக்குத் துணியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். நான் அங்கே மாற்றல் கேட்க வழியில்லை. என் பதவி ஆவடித் தொழிற்சாலைக்கு உரியது. தொழிற்சாலையைப் பெயர்த்துக்கொண்டு போனால்தான் நான் போக முடியும்.

அதிலிருந்து நான் சாப்பிட்டதெல்லாம் நிகழ்ச்சி நடத்தியவர்கள் போட்ட சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு விதி உண்டு. எந்தச் சுற்றறிக்கையிலும் வராத அந்த விதியை எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். சிரிப்பு குறைந்தால் பிரியாணியில் கறி குறையும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்த நாளில் கால் துண்டு இலைக்கு வரும். சுமாராகச் சிரித்தால் எலும்பு. சிரிக்காவிட்டால் "பிரியாணி தீர்ந்துட்ச்சு சார், தயிர் சாதம் கீது". சாப்பிடாமல் போகவும் முடியாது. விழாக் குழுவில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கை கழுவ எழுந்தால் அது ஊருக்கே செய்த அவமரியாதை.

ஒரு வருடத்துக்குள் உடம்பு கணக்குக் கேட்டது. தொழிற்சாலை மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள்.

"என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சாமியைப் பொறுத்தது டாக்டர். அம்மன்னா கூழு. மாதான்னா பிரியாணி. ஆயுத பூஜைன்னா லட்டு."

டாக்டர் சிரித்தார். "வெளியில சாப்பிடறதை நிறுத்துங்க. இனிமே வீட்டுச் சாப்பாடுதான்."

"வீடு திருச்சியில இருக்கு டாக்டர்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சிஸ்டர், கொஞ்சம் வாங்க, இவர் சொல்றதைக் கேளுங்க" என்று நர்சைக் கூப்பிட்டார். நான் திரும்பவும் சொன்னேன். அவரும் சிரித்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் உண்மையைச் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை என்பதை முதலில் அங்கேதான் கவனித்தேன்.

அந்தக் கொள்கையைக் காட்டி என் மனைவி பெயரில் மாற்றல் மனு எழுதினேன். முறையான வழியாக, உரிய இணைப்புகளோடு, ஒரு காற்புள்ளியைக்கூடக் குறை சொல்ல முடியாத மனு. அவள் கையெழுத்துப் போட்டுத் திருச்சியில் கொடுத்தாள். அது சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அதோடு அதன் பேச்சு மூச்சைக் காணோம். நினைவூட்டல் அனுப்பினோம். மறுபடி அனுப்பினோம். அதற்கும் மேல் ஒன்று அனுப்பினோம்.

மறு வருடம் ஆடி மாதம் பூந்தமல்லியை ஒட்டி ஓர் அம்மன் கோயில் விழாவில் நிகழ்ச்சி. கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. டாக்டருக்குக் கட்டுப்பட்டுச் சொம்பை நான் தொடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன்.

"இன்னா அண்ணாத்தே, ஆத்தா கூழை வாணான்றே?" என்றார் விழாத் தலைவர்.

"சுகர் இருக்குங்க."

"இதுல எங்க சுகர் கீது? உப்புதான் போட்டுகீது. குடி நைனா."

குடித்திருக்கலாம். மேடையேறி, மனைவி தட்டைப் பிடுங்கும் கட்டத்துக்கு வந்தபோது வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையால் சர்க்கரை இறங்கி, கண் இருட்டியது, விழுந்தேன். கூட்டம் விசில் அடித்தது. "ஒன்ஸ் மோர்" என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. பொண்டாட்டி அடித்துத்தான் விழுந்தேன் என்று நினைத்திருக்கிறார்கள். மைக்செட்காரர் ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. மைக்கைக் காப்பாற்ற ஓடி வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கலர் சோடாவை வாயில் ஊற்றினார். எழுந்து உட்கார்ந்தேன். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததைப் போன்ற வரவேற்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த முறை வந்தபோது மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஆர்டர் வரலைன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"பென்ஷனுக்கான சர்வீஸே இன்னும் முடியலையே. இப்ப ராஜினாமா பண்ணா ஒண்ணுமே கிடைக்காது. விதிப்படி..."

"நீங்க விழுந்து கிடந்தப்போ உங்க விதி வந்து தூக்குச்சா?"

அந்த வேலைக்காக அவள் பரீட்சைக்குப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் படித்தவள். அதை என் சர்க்கரைக்காக விட்டுவிட்டு வந்து, எனக்குக் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதை நினைத்தால் மாத்திரைகூட இறங்கவில்லை.

அந்த ஆண்டும் அம்பத்தூரில் ஒரு கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சபையார் அவரவர் வீட்டிலிருந்து காய், பழம், கோழி என்று கொண்டுவந்து படைத்துவிட்டு, பிறகு தாங்களே அவற்றை ஏலத்தில் எடுக்கும் நாள். ஒரு பூசணிக்காயைப் பெற்ற பிள்ளை போல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலம் கூவியதில் நல்ல சிரிப்பு. மத்தியானப் பந்தியில் கால் துண்டு வந்தது. பரிமாறியவர் சபைக் கமிட்டியைச் சேர்ந்தவர். நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க. அது எங்கிட்டதான் கீது."

"எது?"

"ஊட்டம்மா டிரான்ஸ்ஃபர் பேப்பர். ஹெட் ஆபீஸ்ல எங்க செக்ஷனுக்கு நான்தான் சூப்பிரண்டு. புருசன் பேரைப் பாத்ததுமே, நம்ம ஆளாச்சேன்னு ஷாக் ஆயிட்டேன். அடியில போட்டு வெச்சுகீறேன். ரிமைண்டர் மூணு வந்திச்சு. அதையும் அது கூடவே கட்டிட்டேன். ஒரு பய தொட முடியாது."

"ஏன் சார்?"

"இன்னா சார், ஏன்றீங்க? போன வருசம் இதே எடத்துல நின்னுகினு நீங்கதானே சொன்னீங்க, பொண்டாட்டி வெளியூர் போனப்புறம்தான் ஊட்ல கடியாரம் ஓட்ற சத்தமே கேக்குதுன்னு? சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வவுத்து வலியே வந்துட்ச்சு. அவங்க கட்டாயப்படுத்தி எழுத வெச்சிருப்பாங்க, உங்களால முடியாதுன்னு சொல்ல முடிஞ்சிருக்காது. ஆம்பளைக்கு ஆம்பளை இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

"சார், அதெல்லாம் மேடைக்குச் சொல்றது. எனக்கு நிஜமாவே அவ இங்க வேணும்."

அவர் கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து இலைக்காரரையும் கூப்பிட்டார். "கேட்டியா மாமே? நிஜமாவே வேணுமாம்!" அந்தப் பந்தியே சிரித்தது. நான் கெஞ்சக் கெஞ்ச, இன்னொரு துண்டு கறி வந்து விழுந்தது.

மறு வாரம் அவர் அலுவலகத்துக்கே போனேன். அங்கே அவர் கொஞ்சம் அதிகாரியாக இருந்தார். "அப்டின்னா எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக்கொடுத்தேன். 'பொது நிகழ்ச்சிகளில் என்னால் குறிப்பிடப்படும் மனைவி முற்றிலும் கற்பனையானவர் என்றும், என் சட்டபூர்வமான மனைவிக்கும் மேற்படியாருக்கும் உருவத்திலோ குணத்திலோ சமையலிலோ எவ்வித ஒற்றுமையும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் இவ்வளவு துல்லியமான வாசகம் வேறில்லை. அவர் அதை வாங்கி முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு பிரிவு முழுவதற்கும் உரக்கப் படித்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தங்கள் மனமகிழ் மன்ற ஆண்டு விழாவில் இதை அப்படியே செய்ய முடியுமா என்று ஒருவர் கேட்டார். மாற்றல் கேட்கப் போன இடத்தில் எனக்கு ஒரு நிகழ்ச்சி ஒப்பந்தமாயிற்று. கோப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

"திங்கக்கிழமை லீவு போடறேன். நீங்களும் வாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

திங்களன்று அந்தப் பிரிவுக்குள் நுழைந்து, நேராக அவர் மேசைக்கு முன் நின்றாள்.

"சார், என்னைத் தெரியுதா? சாம்பார்ல உப்புப் போட மறக்கிறவ."

அவர் எழுந்தே விட்டார். "அம்மா, நீங்களா? இன்னாம்மா இவ்ளோ ஒல்லியா கீறீங்க?"

"திருச்சித் தண்ணி. சார், இவர் ஊர் ஊராப் போய் என்னைப் பத்திப் பேசறார். நான் அங்க உக்காந்துகிட்டு என்ன பண்ண முடியும்? பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்து திட்டறேன். போதலை. தினம் திட்டினாத்தான் திருந்துவார். நீங்க இவரைக் காப்பாத்தினது போதும். என்னை இங்க போடுங்க, நான் பார்த்துக்கறேன்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "மாட்னீங்க சார், மாட்னீங்க!" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "ஆம்பளைக்கு ஆம்பளை செஞ்சேன். இப்ப தங்கச்சியே வந்து கேக்குதே, நான் இன்னா பண்றது?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, அடுக்கின் அடியிலிருந்து கோப்பை உருவினார், தூசி தட்டினார், எங்கள் கண் முன்னாலேயே பரிந்துரைத்துக் குறிப்பு எழுதினார். என் விதியும் சுற்றறிக்கையும் உறுதிமொழியும் ஒரு வருடமாகச் செய்ய முடியாததை, என் பழைய சரக்கையே எடுத்து அவள் செய்து முடித்தாள். நான் பார்த்த நகைச்சுவை நிகழ்ச்சிகளிலேயே சிறந்தது அதுதான். வாயைத் திறக்க எனக்குத்தான் அனுமதி இல்லை.

வெளியே வந்து ஓர் ஓட்டலில் உட்கார வைத்தாள். மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு இட்லி வரவழைத்து, சட்னியைத் தன் பக்கம் இழுத்து ருசி பார்த்தாள்.

"இங்கயும் உப்பு இல்லை. சட்னி அரைச்சவளையும் மேடையில ஏத்துங்க" என்றாள்.

அதற்குமேல் கோப்பு மேலே போக வேண்டும், கையெழுத்தாக வேண்டும், தட்டச்சாக வேண்டும், திருச்சிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை. மார்கழி வந்தது. அவள் ராஜினாமாவை எழுதிக் கைப்பையில் வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாள். வாசகத்தைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மாற்றல் உத்தரவு திருச்சிக்கு வந்து சேர்ந்தது 1989-இல், போகிக்கு முதல் நாள், ஒரு வியாழக்கிழமை.