மச்சாள் வாங்கிய தொலைநோக்கி

என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, ஒரு தொலைநோக்கி வாங்கினாள். அதில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. புல்லில் வைத்துவிட்டு, போனில் ஒரு பெயரைத் தட்டினால் அதுவே தலையைத் திருப்பித் தேடிக்கொள்ளும். தேடிய இடத்தைப் படம் படமாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மங்கலைக் கழித்துத் திரையில் காட்டும். நாம் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். இதற்குப் பெயர் வானம் பார்ப்பதாம்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. எட்டு அங்குலக் கண்ணாடி, என் நெஞ்சளவு உயரக் குழாய். மாசி என்ற இந்தப் புறநகருக்குக் குடிவந்த புதிதில், யாரோ பாவித்ததை வாங்கினேன். அதைத் தூக்கி வீட்டின் பின்பக்க மரத்தளமான டெக்கில் வைத்து, கண்ணாடி வெளிக்குளிருக்குப் பழகும்வரை காத்திருந்து, பிறகு கையால் தள்ளித் தள்ளித்தான் எதையும் தேட வேண்டும். கிழமை முழுக்க எல்லர்ஸ்லி ஒபிசில் திரையைப் பார்த்துக் கண் காய்ந்துபோகிற எனக்கு அதுதான் சுகம். அதைவிடப் பெரிய சுகம், சனிக்கிழமைகளில் மகள் பக்கத்தில் நிற்பது. வீட்டுக்குள் எதற்கெடுத்தாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், டெக்கில் மட்டும் "அம்மா, எங்கே? அம்மா, இது என்ன?" என்று தமிழில் கேட்பாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தாயிடம் கேள்வி கேட்பது லேசான விஷயமா?

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, மச்சாள் போனை நீட்டினாள். சாய்ந்து கிடக்கும் ஒரு விண்மீன் மண்டலம். அதன் தூசிக் கோடுகள்கூடத் தெரிந்தன. பிளாட் புஷ்ஷில், தன் வீட்டுக் கொல்லையில் நின்று எடுத்ததாம். பெண்கள் சுற்றி நின்று வியந்தார்கள். அதே மண்டலத்தை என் குழாயில் பார்த்தால் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல ஒரு சாம்பல் திட்டுத்தான்.

"மாமி, கேன் ஐ கம் திஸ் சாட்டர்டே?" என்றாள் மகள். என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

"அந்த நிறமெல்லாம் மெஷின் போடுறது, பிள்ளை. எங்கட கண்ணுக்கு அப்பிடித் தெரியாது" என்றேன்.

"விண்வெளியில இருக்கிற பெரிசும் அப்பிடித்தானே. அம்மாதானே சொன்னது?" என்றாள் மகள், டெக்கில் பேசுகிற அதே தமிழில்.

சொன்னேன்தான். அந்தப் பெரிய தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியைப் பிடிக்கிறது, பிறகு மனிதர்கள் அதற்கு நிறம் கொடுக்கிறார்கள், தூசிக்குள் நட்சத்திரம் பிறப்பதை அப்படித்தான் கண்டோம் என்று டெக்கில் நின்று விளக்கியது நான்தான். நான் ஊட்டிய அறிவு, அவள் மாமிக்கு வக்காலத்து வாங்கியது.

அதன்பின் சனிக்கிழமைகள் பிளாட் புஷ்ஷுக்குப் போயின. பிள்ளையை இழுக்கத்தான் அவள் பெட்டி வாங்கினாள் என்றேன். "அவள் என்ர தங்கச்சியப்பா, எதிரியில்லை" என்றார் கணவர். இவருக்கு என்ன தெரியும்? கடைசியில் நான் ஒரு முடிவெடுத்தேன். மச்சாளை அந்தப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே கூப்பிடுவது. செப்டம்பர் மாதம், சனிக் கோள் இருட்டியதுமே கிழக்கில் ஏறி நின்றது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் பிள்ளைக்கே வித்தியாசம் புரியும். வளையத்தைத் தன் கண்ணாலே பார்ப்பதற்கு ஈடாக ஒரு பெட்டி என்ன காட்டிவிடும்?

மச்சாள் வருகிறாள் என்றால் வெறும் தேத்தண்ணி கொடுக்க முடியுமா? ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தேன். அவள் வீட்டில் கிடைக்காத அளவுக்குப் பொரித்தேன். இருட்டியதும் மச்சாள் தன் பெட்டியைப் புல்லில் வைத்தாள்; நான் மகளை டெக்குக்குக் கூப்பிட்டு என் குழாயில் கண் வைக்கச் சொன்னேன்.

"அம்மா, இட்ஸ் வாப்ளிங்."

பார்த்தேன். சனிக் கோள் கொதிக்கும் எண்ணெயில் போட்டதுபோல நெளிந்தது. வளையம் எது, உருண்டை எது என்று தெரியவில்லை. திருகினேன், கண்ணாடியைச் சரிபார்த்தேன், வில்லையை மாற்றினேன். அப்போதுதான் மூக்கில் ரோல்ஸ் மணத்தது. அடுப்புப் புகையை வெளியே தள்ளும் காற்றாடியின் வாய் எங்கள் டெக்கில்தான் திறக்கிறது. நான் பொரித்த சூடெல்லாம் என் தொலைநோக்கிக்கு முன்னால் எழும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். திரும்பி வரும்போது மகள் புல்லில் மாமியின் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சாய்ந்த மண்டலத்திலிருந்து ஒரு கோடி வருடங்களுக்கும் மேலே பயணித்து வந்த வெளிச்சம் அவள் கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

காற்று ஆறியபின் என் குழாய்க்குக் கிட்ட வந்தது மச்சாள்தான். குனிந்தாள்.

"இது இப்ப, உண்மையா, அங்க நிக்குதோ?"

"ஓம். வெளிச்சம் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். ஆனா உண்மைதான்."

கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "பிள்ளை உங்களோட இப்பிடி நிக்கிறதைப் பாத்துத்தான் மச்சாள், நான் அதை வாங்கினனான். எங்கட வீட்டை ஆர் வருகினம்?"

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்ல மனுஷியாக இருந்தால் எனக்கு அந்த இடத்தில் இரக்கம் வந்திருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டது சரிதான் என்ற கோபம்தான் முதலில் வந்தது. அப்போ வானத்துக்காக வாங்கவில்லை, என் பிள்ளைக்காக வாங்கியிருக்கிறாள்.

"அடுத்த சனியும் அவளை விடுவீங்களோ?"

"ரோல்ஸ் ஆறுது, உள்ள வாங்கோ" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் நானே பிளாட் புஷ்ஷில் விட்டேன். வாசலில் மச்சாள் லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். "இறங்குங்கோவன்" என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒரு வேலையும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழாயை வெளியே வைத்தேன். காற்று அசையவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வளையத்தை அவ்வளவு கூர்மையாக நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, ஓடிவா, ஓடிவந்து பார்" என்று கத்திவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு கணவர் வந்தார்.

"பிள்ளை தங்கச்சி வீட்டையெல்லோ" என்றார்.

"தெரியும்" என்றேன்.