மூன்று வகுப்புகளுக்கு ஒரு சார்

தக்கலைக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்தது திருவிதாங்கூர் சமஸ்தானம் போய் திரு-கொச்சி மாநிலம் வந்திருந்த காலம். பக்கத்து அறை கணக்கு சாருடையது. ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

ஓணப் பரீட்சைக்கு முன்னால் இரண்டு ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் இவர் அறையிலேயே கொண்டு தள்ளினார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் சொன்னால் மற்ற இரண்டும் இரையும். முதலில் அவருடைய தொண்டை போயிற்று. பிறகு உறக்கம் போயிற்று. பிறகு பிரம்பு வந்தது. நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும். என் பிள்ளைகள் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்கள். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"அடிச்சாத்தான் அடங்கும் டீச்சர்" என்றார்.

ஒரு மத்தியானம் அந்த அறையிலிருந்து அலறல் கேட்டு ஓடினேன். ஒரு சின்னப் பெண்பிள்ளை தரையில் கிடந்தாள். பிரம்பு முறிந்து கிடக்க, மர அளவுகோலால் அவளை அடித்துக்கொண்டிருந்தார். முதுகு, தோள் என்றில்லை, பட்ட இடமெல்லாம். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"சார், விடுங்க! பிள்ள செத்துப்போவும்!"

கையைப் பிடித்தேன். ஒரே தள்ளு. பெஞ்சு விளிம்பில் மோதி என் கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவர் நின்றார். பிறகு சுவரில் தன் தலையை மோதத் தொடங்கினார். சுண்ணாம்பு சிவக்கும்வரை மோதினார்.

"எனக்கு இனி வய்யா டீச்சர், முடியாது, வய்யா..."

சேதி கேட்டுப் பிள்ளையின் அப்பா வெட்டுக்கத்தியோடு வந்தார். தலைமையாசிரியர் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்தவர் சாரை நெஞ்சில் மிதித்துக் கீழே தள்ளிக் கத்தியை ஓங்கினார். சார் கையைக்கூட உயர்த்தவில்லை.

"அப்பா, வேண்டாம்!" என்று அந்தப் பிள்ளைதான் கத்தினாள்.

கத்தி பெஞ்சில் இறங்கி, பலகை பிளந்தது. அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் வரவேயில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தை நடத்தும் மானேஜர் வந்தார். "அவரை நீக்கியாச்சு, தீந்துது" என்றார்.

கையில் கட்டோடு நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீக்கினது சரி. அந்த மூணு வகுப்பையும் இனி யாருக்கு குடுப்பிய? எனக்கா? நாளைக்கு நானும் ஒரு பிள்ளைய அடிச்சுக் கொல்லட்டா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மூன்று புது ஆசிரியர்கள் வந்தார்கள். கணக்கு சார் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு ஆசிரியர்கள் நாங்களே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்காவது கோபம் தலைக்கு ஏறினால் சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட வேண்டும். பக்கத்து அறைக்காரர் இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வார். ஏன் என்று கேட்கக் கூடாது. தலைமையாசிரியர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

முதலில் போனது நான்தான். ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் முறைத்தது. என் கை தானாக ஓங்கியது. அப்படியே இறக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, புது டீச்சர் என் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், கதையைப் பாதியில் விடாமல், உட்காரும்படி வாசல் பக்கம் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.