அமுதா அக்காவின் வெள்ளை நம்பர்

போன வாரம் ஒரு காலையில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அமுதா அக்காவின் மகள் போன் செய்தாள். "வேலண்ணா, அம்மா பூட்டாங்கண்ணா. போஸ்டர் நீதான் அடிக்கணும்." எதிரே இருந்த மணமக்கள் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன்.

உத்திரமேரூரில் எங்கள் டி.டி.பி. கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்பவர். பெயர்களை அகரவரிசையில் அடுக்க அதில் கட்டளை உண்டு. உறவுமுறைப்படி அடுக்க இல்லை. "பெரியப்பா யாரு, சித்தப்பா யாருன்னு தெரியாத இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய கீபோர்டு?" என்பார்.

பத்திரிகையில் சுற்றத்தார் பெயர்கள் ஒரே நாளில் முடிவதில்லை. விட்டுப்போன மருமகன் ஒருவர் மறுநாள் கட்டாயம் முளைப்பார். வெட்டி ஒட்டிச் சலித்துப்போன அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர்களுக்கு முன்னால் நம்பர் போட்டு, அந்த வரிசையில் கம்ப்யூட்டரை அடுக்கச் சொல்வார். நம்பர்களை அழிக்க மாட்டார், வெள்ளை நிறமாக்கிவிடுவார். மருமகன் வந்தால் நம்பரை மாற்றி ஒரு தட்டு, அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்?

புள்ளலூர்க் கல்யாணத்தில்தான் தெரிந்தது. பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன்கள். ஒருவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இன்னொருவர் அம்மாவுடைய பெரியம்மா மகன், வயதில் மூத்தவர். யார் பெயர் மேலே என்பதில் தகராறு. "ஒருத்தர் கோச்சிக்கினாலும் என் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்காது அமுதா," என்று பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா இருவரையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரியில் வைத்தார். எல்லோருக்கும் திருப்தி. கடைசி நேரத்தில் கல்யாணப்பெண் பின்னணி ரோஸ் கலரில் வேண்டும் என்றாள். அக்காவும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

ரோஸ் பின்னணியில் வெள்ளை நம்பர்கள் பளிச்சென்று வந்தன. பெரியம்மா மகனுக்கு ஒன்று, கூடப்பிறந்தவருக்கு இரண்டு.

பத்திரிகைக் கட்டோடு பெண்ணின் அம்மாவும் இரண்டு மாமன்களும் கடைக்கு வந்தார்கள். "கூடப் பொறந்தவனுக்கு ரெண்டாம் நம்பரா? நான் கல்யாணத்துக்கு வர்ல," என்றார் தம்பி. பெண்ணின் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். அக்கா மட்டும் அசரவில்லை. "தப்பு என்னுதுதான் நைனா. இதுக்கு முறை தெரியாது, நம்பர்தான் தெரியும். வா, நீயே மாத்து," என்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

தம்பி ஒற்றை விரலால் தன் இரண்டை அழித்து ஒன்று போட்டார். அடுத்து அண்ணனுடைய ஒன்றை எல்லோரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். "அது இருந்துட்டுப் போட்டும்," என்று எழுந்துகொண்டார்.

"இப்ப நம்பர எல்லாம் தூக்கிடட்டா?" என்று அக்கா கேட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் இருக்கட்டும்," என்றார்கள் இரண்டு மாமன்களும் ஒரே குரலில். அப்படியேதான் புதுப் பத்திரிகை போனது, ஆளுக்கொரு ஒன்றோடு. இருவரும் சேர்ந்தே சீர்த்தட்டு எடுத்தார்கள். அந்த சீசன் முழுக்க, "எங்க மாமாவுக்கும் நம்பர் போட்டுக் குடுங்க," என்று கேட்டு வந்தவர்களைச் சமாளிப்பதற்குள் அக்காவும் நானும் சிரித்தே ஓய்ந்தோம்.

அஞ்சலி போஸ்டருக்கு உறவினர் பெயர்களை அவர் மகள் சொல்லச்சொல்ல அடித்தேன். முடித்துவிட்டு, "உன் பேரும் போடுண்ணா," என்றாள். எந்த இடத்தில் போடுவது? பக்கத்து நாற்காலிக்காரன் என்று ஒரு முறை இல்லையே. அக்கா செய்திருக்கக்கூடியதையே செய்தேன். எல்லோருக்கும் ஒன்று போட்டு, அடுக்கச் சொன்னேன். நம்பர் ஒன்றேயானதால் கம்ப்யூட்டர் அகரவரிசைக்குப் போய், வேலு கடைசியில் வந்து நின்றான்.

பிறகு நம்பர்களை வெள்ளையாக்கினேன். போஸ்டர் கறுப்பு வெள்ளைதான். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கடைசிப் பெயருக்கு முன்னாலும், மற்றப் பெயர்களுக்குப் போலவே, சின்னதாக ஓர் இடைவெளி தெரியும். அங்கே இருப்பது வெள்ளை ஒன்று. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.