பாவாயி டீச்சரின் ‘இல்லீங்க’

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாவாயி டீச்சரின் மகள் மல்லிகா பேசினாள். “சார், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க. உங்களுக்கு முதல்ல சொல்லோணும்னு தோணுச்சு” என்றாள். நான் “சரிம்மா, சரிம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று உறைத்தது. என் வாயில் எப்போதும் முதலில் வருவது ‘சரி’தான். என்னோடு அந்த உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் இது தெரியும்.

டீச்சரைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். தம்மம்பட்டிப் பள்ளியில் தலைமையாசிரியராக அவரைப் பார்த்தவர்களே நிறையச் சொல்ல முடியும். ஆனால் அவர் தம்மம்பட்டிக்குப் போன கதை முழுதாக எனக்குத்தான் தெரியும் என்று மல்லிகா சொல்கிறாள். அதனால் இரங்கல் கூட்டத்துக்கு வரப்போகும் உங்களுக்காக எழுதுகிறேன். நினைவு பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கள் பள்ளியில் புவியியல் நடத்தினார். புதிய வகுப்பு வந்தால் முதல் பாடத்துக்குப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். பிள்ளைகளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், திருச்செங்கோட்டு மலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். “மேப்புல வடக்கு எப்பவும் மேலதான் இருக்கும் சாமி. ஊருல எங்கிருக்குதுன்னு நாமதான் பாத்துக்கோணும்” என்பார். எட்டாம் வகுப்புப் பையனும் அவருக்குச் சாமிதான், பியூனும் சாமிதான். யாரிடமும் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

கணவர் லாரி விபத்தில் போனபிறகு அவர் மாமனார் வீட்டிலேயே இருந்தார். மாமனாருக்குக் கொஞ்சம் நிலமும் கிணறும் இருந்தன. மருமகளை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார். எண்பதுகளின் பிற்பகுதியில் டீச்சருக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வரும் என்று தெரிந்தது. காலியிடம் தம்மம்பட்டியில். ஏற்றுக்கொண்டால் மகளைக் கூட்டிக்கொண்டு தனியே அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி எப்போது பெயர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டீச்சருக்குப் போக ஆசை. அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பத்தாவதுக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. மாமனார் ஒப்பவில்லை.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “சார், எங்கூட்டுப் புள்ள பால்காரங்கிட்டக்கூட எதுத்துப் பேசாது. அங்க ஒவ்வொருத்தனும் வந்து மேசையத் தட்டுவான். எலெக்சன்ல நிக்கறவன் வருவான், பையன் பெயிலாயிட்டான்னு அப்பன் வருவான். இது எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்கன்னு தலையாட்டிப்போட்டு, கதவச் சாத்திட்டு அழுவும். பக்கத்துல நாங்க இருக்கமாட்டோம்.” எனக்கும் அவர் பயம் நியாயமாகத்தான் பட்டது. சரிங்க என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சியில் அந்த வினாடி வினா வந்துகொண்டிருந்தது. மூன்று நிபுணர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து இருவர் கொண்ட ஓர் அணி வந்து அவர்களோடு மோதும். கேள்விக்கு முதலில் மணியடிப்பவர் பதில் சொல்லலாம். நிபுணர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அடிக்கலாம், அடித்தால் அவர்கள் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் வந்தவர்கள் நிபுணர்களை ஒரு கேள்வி கேட்கலாம். டீச்சர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு ஒரு தபால் கார்டு எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பட்டுங்களா என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அவர் அந்த ஒரு வாரமும் மறுபடி கேட்கவில்லை. கார்டை மேசைமேல் என் கண்ணில் படும்படி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அழைப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளைகளில் ஆசிரியர் அறையில் பயிற்சி நடந்தது. மணிக்குப் பதில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். எங்கள் தலைமையாசிரியர்தான் நிபுணர். அவர் கேள்வியையும் தானே கேட்டு, பதிலைத் தானே யோசிப்பதுபோல இழுத்துப் பேசுவார். டீச்சருக்குப் பதில் தெரிந்திருப்பது முகத்தில் தெரியும். ஆனால் கரண்டி கையிலேயே நிற்கும். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

“டீச்சர், நான் சாயங்காலம் வரைக்கும் பேசுவேன். பள்ளிக்கூடத்தப் பூட்டற வரைக்கும் நீங்க கரண்டியப் புடிச்சிட்டே உக்காந்திருப்பீங்களா?” என்றார் தலைமையாசிரியர்.

“நீங்க பேசிட்டிருக்கறப்ப எப்படிங்க சார் அடிக்கறது? சாமி கும்புடறப்ப குறுக்க போறாப்பல இருக்குதுங்க” என்றார் டீச்சர்.

கரண்டியை என்னிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நான் அவரைவிட மோசம்.

கடைசிக் கேள்வியை டீச்சரே தேர்ந்தெடுத்தார். பள்ளிபாளையம் பாலத்தடியில் காவிரி எந்தத் திசை நோக்கி ஓடுகிறது? அவர் பிறந்தது பள்ளிபாளையம். மேட்டூரிலிருந்து இறங்கிவரும் ஆறு எங்கள் பக்கத்தில் தெற்கு நோக்கித்தான் ஓடுகிறது, அதன்பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. காவிரி என்றால் கிழக்கு என்றே எல்லோரும் சொல்வார்கள் என்றார். எனக்குச் சந்தேகம். வரைபடத்தில் பார்த்தேன். அதுவும் போதாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியின் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலத்துக்கே போனேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று விசாரித்தார். மறுநாள் டீச்சரிடம் சொன்னபோது சிரித்தார்.

“என் மேல நம்பிக்கை இல்லீங்களா சார்?”

“உங்க மேல இருக்குதுங்க. என் மேலதான் இல்லை.”

சென்னைக்குப் போக மாமனார் அனுமதித்தார், மாமியாரும் கூட வருவதானால். படப்பிடிப்புக் கூடத்தில் அந்தக் குளிரைக் கண்டு மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “மார்கழியாட்டம் இருக்குது, இதுக்குள்ள ஒக்காந்து எப்படித்தான் பேசுவாங்களோ” என்றார். நிபுணர்களில் இருவர் நடுவயதுக்காரர்கள், வெகு வேகம். நடுவில் இருந்தவர் நரைத்த பேராசிரியர். நிறையப் புத்தகங்கள் எழுதியவர். கேள்வி வந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, அது தொடர்பாகத் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே பதிலை நோக்கி நடப்பார்.

அங்கேதான் நாங்கள் தோற்றோம். அவர் பாதி வழியில் இருக்கும்போதே எங்கள் இருவருக்கும் பதில் தெரிந்த கேள்விகள் உண்டு. டீச்சர் விரலை மணிமேல் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பதிலைச் சொல்லி முடித்துவிடுவார். ஒருமுறை அவர் முடித்தபிறகு டீச்சர் மணியடித்தார். நிகழ்ச்சி நடத்துபவர், பதில்தான் வந்துவிட்டதே அம்மா என்றார். “ஐயா முடிச்சிட்டாங்களான்னு பாத்தேங்க” என்றார் டீச்சர். கூடமே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது ஜெயிக்க வழியே இல்லை. டீச்சர் எழுந்து நின்று கேட்டார். பேராசிரியரின் இரு பக்கமும் இருந்தவர்கள் ஒரே குரலில் கிழக்கு என்றார்கள். பேராசிரியர் குடகிலிருந்து தொடங்கிக் கடல்வரை காவிரியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கிழக்கு என்றார். நடத்துபவர் மேசைமேல் இருந்த பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதிலும் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறு என்றுதான் இருந்தது. நிபுணர்களுக்கே புள்ளி என்று அறிவித்துவிட்டார்.

“இல்லீங்க” என்றார் டீச்சர்.

குரல் உயரவில்லை. வகுப்பில் பேசும் அதே குரல். புத்தகத்திலேயே இருக்கிறதே என்றார் நடத்துபவர்.

“புத்தகம் தப்பில்லீங்க. அது மொத்த ஆத்துக்குச் சொல்லுதுங்க. நான் கேட்டது எங்க பாலத்துக்கிட்டங்க.”

பேராசிரியர் கையை உயர்த்தினார். எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கும் கை அது. “அம்மா, மேட்டூரை விட்டு இறங்கினால் கிழக்குத்தான்” என்றார். பக்கத்தில் இருந்த நான் டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறைதான். உட்கார்ந்துவிடுங்கள் என்று முணுமுணுத்தேன்.

“இல்லீங்கய்யா. எங்க ஊர் ஆத்துக்கு இந்தக் கரை, ஈரோடு அந்தக் கரை. காலைல சூரியன் எங்க ஊட்டுப் பின்னால வருதுங்க. சாயங்காலம் ஆத்தத் தாண்டி ஈரோட்டுல மறையுதுங்க. பாலத்துல நின்னு காலைச் சூரியனப் பாத்தா, தண்ணி எடது கைப்பக்கம் வந்து வலது கைப்பக்கம் போகுதுங்க. ஆறு கிழக்க ஓடுனா சூரியன் ஆத்தத் தாண்டி மறையாதுங்களே.”

பேராசிரியர் கண்ணை மூடினார். மேசைமேல் விரலால் மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கீழே இறங்கி, பிறகு வலப்பக்கம் திரும்பும் கோடு. “நான் அந்தப் பாலத்தில் நின்றதில்லை அம்மா. நீங்கள் நின்றிருக்கிறீர்கள். தெற்குத்தான்” என்றார். புள்ளி எங்களுக்கு வந்தது. அப்படியும் தோற்றோம்.

திரும்பி வரும்போது மாமியார் கேட்டார், “ஏன் அம்மிணி, அவ்வளவு பெரிய மனுசங்கிட்ட அப்படிப் பேசலாமா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மரியாதையாத்தானுங்க அத்தை சொன்னேன். மரியாதை கொடுக்கறதுக்காக ஆத்தத் திருப்பி உட முடியாதுங்களே.”

ஒளிபரப்பு ஆவதற்குள் பதவி உயர்வு உத்தரவு வந்துவிட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க மாமனார் சொல்லிவிட்டார். டீச்சர் சரிங்க மாமா என்றும் சொல்லிவிட்டார். ஆனால் தாள் எழுதப்படாமலே இருந்தது. ஒளிபரப்பு நாளன்று அவர்கள் பக்கத்து வீட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர் வீட்டு வாசலில், ஊரே கூடியிருந்தது. நானும் போயிருந்தேன். மொட்டைமாடியில் ஒருவர் ஆண்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தோற்ற ஆட்டத்தை ஊரோடு உட்கார்ந்து மறுபடி பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது. டீச்சர் மணியடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முறையும் வாசலில் முனகல் எழுந்தது. “அட அடிங்க டீச்சர், அந்தாளு பேசி முடிக்கறதுக்குள்ள நம்ம கரும்பு வெட்டுக்கு வந்துரும்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேனில்லையா என்பதுபோல மாமனார் என்னைப் பார்த்தார். டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அப்புறம் அந்த ‘இல்லீங்க’ வந்தது. வாசல் அடங்கிவிட்டது. பேராசிரியர் கையை உயர்த்துகிறார், மறுபடியும் இல்லீங்கய்யா. மாமனார் கட்டிலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடிந்து செய்தி தொடங்கியும் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் பெரியவரு யாரு? என்ன படிச்சவரு?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அவருகிட்டயே இல்லீங்கன்னுடுச்சு” என்றார். யாரிடமும் சொல்வதுபோல இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்மம்பட்டிக்கு எத்தன பஸ்ஸு மாறோணும் சார்?”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்குப் பஸ் விவரம் எல்லாம் தெரியும், முன்பே விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் பஸ்களை முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்லிவிட்டேன்.

தம்மம்பட்டியில் மாமனார் பயந்தது எல்லாமே நடந்தது. மேசை தட்டப்பட்டது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகளைக் கல்யாணத்துக்காக நிறுத்த வந்த ஒரு தகப்பனார், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வெகுநேரம் சத்தம் போட்டாராம். டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “இல்லீங்க. பரீட்சை முடியட்டுங்க” என்றாராம். கையில் மணி இருந்திருந்தாலும் அவர் முன்கூட்டி அடித்திருக்கமாட்டார். எதிரே இருப்பவர் முழுவதும் பேசி முடித்தபிறகு சொல்லப்பட்ட இல்லீங்க என்பதால்தானோ என்னவோ, அந்தத் தகப்பனாரால் அதை மீற முடியவில்லை. அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். அவள் டீச்சரின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தாள். எனக்கு அவளை மல்லிகாதான் காட்டினாள்.

அஸ்தியைப் பள்ளிபாளையத்தில் கரைத்தார்கள். காலை நேரம். நான் பாலத்தில் நின்றுகொண்டேன். இந்த முறை திசைகாட்டி எடுத்துப் போகவில்லை.

சென்ற வாரம் இரங்கல் கூட்ட ஏற்பாட்டுக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். டீச்சரின் படத்துக்குக் கீழே ‘இரும்புப் பெண்மணி’ என்று போட்டுப் பேனர் தயாராகிறது, உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், ஆசையாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பேனரின் அளவு, நிறம், யார் யார் பேசுகிறார்கள் என்று எல்லாம் சொன்னார்கள். வழக்கமான ‘சரிங்க’ தொண்டைவரை வந்துவிட்டது.

“இல்லீங்க” என்றேன். “பேர் மட்டும் போடுங்க. பாவாயி டீச்சர்னு.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னதை நான் திருப்பி வாங்கவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். இந்த வயதில்தான் அதை முதன்முதலாக எடுத்துப் பயன்படுத்தினேன்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பீர்கள். பேனரில் பெயர் மட்டும்தான் இருக்கும்.